மாதிரி வீட்டுக் கட்டில்

புதுச்சேரி,
6 ஜூலை 2025

அன்பு மகள் அரீபாவுக்கு அத்தா எழுதுவது. உன்மீது இறைவனின் சாந்தி நிலவட்டும். இங்கே சுகம். ஷார்ஜா வெயிலில் உன் தலைவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

போனில் பேசினால் என் காதுக் கருவி விசிலடிக்கிறது. நீ சொல்வதில் பாதி அதற்குள் போய்விடுகிறது. ஆகவே நாம் பேசிக்கொண்டபடி தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து தெளிவில்லை என்றால் சொல், மறுபடி எழுதுகிறேன்.

முல்லா வீதி வீட்டைப் பூட்டிவிட்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தேங்காய்த்திட்டுக்கு வந்தேன். நீ உள்ளலங்காரம் செய்த வீட்டில் நானே குடியிருந்து குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாய். குறை கண்டுபிடிக்க நான் தகுதியானவனா என்று தெரியவில்லை. நில அளவைத் துறையில் வேலை பார்த்தவனுக்கு வீட்டின் வெளிக்கோடுதான் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

இருந்தாலும் அறை அறையாகப் பார்த்து வருகிறேன். பத்தாவது மாடி. கூடத்து ஜன்னலில் துறைமுகத்துப் படகுகள் தெரிகின்றன. சமையலறை அலமாரிகள் சத்தமில்லாமல் மூடிக்கொள்கின்றன (அல்லது எனக்குத்தான் கேட்கவில்லையோ). படுக்கையறை மிகவும் அமைதி. கட்டில் சுவரோடு சேர்ந்தே செய்யப்பட்டிருக்கிறது, நகர்த்த முடியாது. தலைப்பக்கம் மெத்தை வைத்துத் தைத்த பலகை, அதிலேயே விளக்கு, போனுக்கு மின்சாரம் ஏற்றும் இடம், எல்லாம். வலப்பக்கம் சாய்ந்து படுத்தால் முகம் நேரே கிப்லாவுக்கு, தொழுகைக்கு நிற்கிற மாதிரியே. உன் அம்மா இருந்திருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டாள். நானும் நன்றாகத் தூங்கினேன்.

வேளைக்குச் சாப்பிடு.

வஸ்ஸலாம்,
அத்தா


ஷார்ஜா,
15 ஜூலை 2025

அன்புள்ள அத்தாவுக்கு, அரீபாவின் ஸலாம். நான் நலம். தலைவலி போய்விட்டது, அடிக்கடி கேட்காதீர்கள். உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை.

"நன்றாக இருக்கிறது" என்று எழுதினால் எனக்கு உதவாது, அத்தா. இந்தக் கம்பெனி வீடுகளை விற்பதில்லை. கட்டடம் முழுவதும் அவர்கள் கையிலேயே இருக்கும், எல்லாம் வாடகைக்குத்தான். வருகிறவர் ஒரு பெட்டியோடு வந்து நுழைய வேண்டும். கட்டில், சோபா, திரை, தட்டு, கரண்டி எல்லாம் உள்ளேயே இருக்கும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. எதையும் நகர்த்தக் கூடாது. ஆகவே நான் ஓரிடத்தில் தவறினால் அந்தத் தவறோடுதான் அவர்கள் வாழ வேண்டும். அதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னொன்று. பொங்கலுக்குள் பாதி வீடுகளுக்காவது ஆள் வந்துவிட்டால், பக்கத்து மனையில் எழும்பப்போகும் இரண்டாவது கட்டடத்தையும் எனக்கே தருவதாகப் பம்பாய்த் தலைமை அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதை இங்கிருந்து செய்ய முடியாது. மூன்று வருடம் புதுச்சேரியிலேயே இருக்க வேண்டியிருக்கும்.

மாத்திரையை மறக்காதீர்கள்.

அன்புடன்,
அரீபா


புதுச்சேரி,
24 ஆகஸ்ட் 2025

அன்பு மகளுக்கு, அத்தாவின் துஆ. உடம்பு சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் சுகத்தை எழுது.

வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அழைத்து வருபவர் தாமரைச்செல்வி, வாடகைக்கு விடும் அலுவலகத்துப் பெண். வில்லியனூருக்கு அப்பால் விவசாயக் குடும்பம். அப்பா நெல் போடுகிறார், இவள் மாடி வீடு காட்டுகிறாள். நான் கூடத்து மூலையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதல் நாளே, "வீடுதான் மாதிரி வீடு, நீங்க என்ன ஐயா, மாதிரி ஆளா?" என்று என் காதருகே வந்து கேட்டாள். போன வாரம் ஒரு குழந்தை என் கால் விரலைத் தொட்டுப் பார்த்தது. உண்மையான கால்தானா என்று சந்தேகம் போலிருக்கிறது.

ஆனால் யாரும் வீட்டை எடுக்கவில்லை. கூடத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சமையலறையைத் திறந்து மூடிப் பார்க்கிறார்கள். படுக்கையறைக்குப் போகிறார்கள். அங்கே ஏதோ பேசிக்கொள்கிறார்கள். கதவுக்கு அப்பால் பேசுவது எனக்குக் கேட்பதில்லை. திரும்பி வரும்போது முகம் மாறியிருக்கிறது. "சொல்றோம்" என்று போய்விடுகிறார்கள்.

யோசித்ததில், படுக்கையறைத் திரைச்சீலையின் சாம்பல் நிறம் காரணமாக இருக்குமோ என்று தோன்றுகிறது. மழைக்கால வானம் போல் இருக்கிறது. அல்லது மாடியில் துணி காயப்போடக் கொடி இல்லாதது. உலர்த்தும் இயந்திரம் இருந்தாலும், ஒரு அம்மாள் வெளியே எட்டிப் பார்த்து, "பொடவைய எங்க போடறது, கடல்லயா?" என்று கேட்டார். அதுவாகவும் இருக்கலாம். என் ஊகத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உன் அறைச் சுவரில் ஏதாவது மாட்டியிருக்கிறாயா? சும்மா கேட்டேன்.

வஸ்ஸலாம்,
அத்தா


ஷார்ஜா,
12 செப்டம்பர் 2025

அன்புள்ள அத்தாவுக்கு, ஸலாம். நலம். நீங்கள் நலம்தானே?

திரைச்சீலையை மாற்றச் சொல்லிவிட்டேன். இளம் மஞ்சள், எல்லா மாடிகளுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி மடக்குக் கொடி ஒன்று வரைந்து அனுப்பியிருக்கிறேன். பம்பாயில் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால், "இதுதான் கடைசியா, இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார்கள்.

இதுதான் கடைசி என்று சொல்லியிருக்கிறேன்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அரீபா


புதுச்சேரி,
13 அக்டோபர் 2025

காரைக்காலில் இருக்கும் அன்பு அக்கா ஜீனத்துன்னிசாவுக்குத் தம்பி அன்வருதீன் எழுதுவது. ஸலாம். உன் முட்டிவலி எப்படி? எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. மனம்தான் சரியில்லை. அரீபாவிடம் சொல்ல முடியாததால் உன்னிடம் எழுதுகிறேன்.

நேற்று அமிர்தவல்லி என்று ஒரு அம்மாள் வந்தார். ஓய்வு பெற்ற நர்ஸ். மகன் டாக்டர், இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேரப்போகிறார், அவருக்காக வீடு பார்க்கிறார். கூடம் பிடித்தது. மஞ்சள் திரையும் பிடித்தது. படுக்கையறைக்குள் போய்விட்டு நேராக என் முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். வார்டில் கூப்பிட்டுப் பழகிய குரல், கருவி இல்லாமலே கேட்கும்.

"பாய், நீங்க யாரு, இந்த வீட்டு ஆளா?"

"என் மகள்தான் உள்ளலங்காரம் எல்லாம் செய்தது அம்மா."

"பொண்ணு நல்லாத்தான் செஞ்சிருக்கு. படுக்கறதுக்குத்தான் வழி இல்ல."

"கட்டில் பெரிதாகத்தானே இருக்கிறது?"

"பெருசா இருந்து என்னா பண்றது? எம்புள்ளய வடக்கால தல வச்சுப் படுக்கச் சொல்றீங்களா? எங்க ஊட்டுப் பூனகூட அப்படிப் படுக்காது, பாய்!"

தாமரைச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் போன பிறகு, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும் ஐயா. வர்றவங்க எல்லாம் அதத்தான் சொல்லிட்டுப் போறாங்க. உங்க வழக்கத்துக்கு அப்படிப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். உங்ககிட்ட அதப் போய் எப்படிச் சொல்றது? பம்பாய்க்கு எழுதினேன். தலகாணிய கால்மாட்டுல போட்டுக்கச் சொல்லுன்னு பதில் வந்துது."

அக்கா, கடல் கிழக்கே கண்ணெதிரில் இருக்கிறது. வடக்கு எது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலையில் இருந்தவரை ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் வடக்கு அம்புக்குறி போட்டவன் நான். ஊரில் அவர்கள் வடக்கே தலை வைப்பதில்லை என்பதும் சிறு வயதிலிருந்தே தெரியும். ஆனால் அந்தக் கட்டிலில் மூன்று மாதமாகப் படுத்து எழுந்தும் எனக்குத் தோன்றவில்லை. நம் வீட்டுக் கட்டில் இருந்த மாதிரியே இருந்தது. அவளுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும். கட்டடத்துக்கு வாஸ்து பார்த்தவர் வாசலையும் அடுப்படியையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கட்டில் அதற்குப் பிறகு வந்தது.

எல்லா மாடியிலும் இதே கட்டில். இனிமேல் மாற்றம் எதுவும் இல்லை என்று பம்பாயில் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாள். இதை எழுதினால் அவளுக்கு இரண்டாவது கட்டடம் கிடைக்காது. அது கிடைக்காவிட்டால் ஊருக்கு வர மாட்டாள். என்ன செய்வது?

தம்பி,
அன்வருதீன்


காரைக்கால்,
20 அக்டோபர் 2025

தம்பி அன்வருக்கு, அக்காவின் ஸலாம். முட்டி அப்படியேதான் இருக்கு. அதைக் கேட்டு நீ என்ன பண்ணப் போற.

உன் கடிதத்தைப் பேத்தி படிச்சுக் காட்டினா. சிரிப்பும் வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு. உனக்குப் பெண் பார்க்கப் போனப்பவும் இப்படித்தான். புடிச்சிருக்கா இல்லையான்னு கேட்டா, "யோசிச்சுச் சொல்றேன்"னு வாசல்லயே நின்ன. நம்ம அத்தாதான் உள்ள போய்ச் சரின்னார். இப்ப அத்தா இல்ல.

அரீபா கேட்டது என்ன? குறையைச் சொல்லுன்னு கேட்டா. நீ திரைச்சீலையைச் சொன்ன. இப்ப உண்மையான குறை கிடைச்சிருக்கு, அதை மறைச்சுப் பொண்ணு வரட்டும்னு காத்திருக்க. ஆள் வராத வீட்டுக்காக அவளுக்கு எவன் இன்னொரு கட்டடம் தருவான்? அவ அங்க தனியா, நீ இங்க பத்தாவது மாடியில தனியா. நல்லா இருக்கு குடும்பம்.

எழுது. மழைக் குளிர் வரப்போகுது, காதுல பஞ்சு வச்சுக்க.

ஜீனத்து


புதுச்சேரி,
29 அக்டோபர் 2025

அன்பு மகளுக்கு, அத்தாவின் துஆ. சுகம். மழை தொடங்கிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

மஞ்சள் திரை மிகவும் பொருத்தம். மழை நாளிலும் அறை வெளிச்சமாக இருக்கிறது. மடக்குக் கொடி நன்றாக வேலை செய்கிறது. கூடத்து ஜன்னல் ஓரம் சாரல் கொஞ்சம் உள்ளே வருகிறது. ரப்பர் வைக்கச் சொன்னால் போதும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கட்டிலைச் சுவரோடு சேர்த்தது கம்பெனி சொன்னதா, உன் யோசனையா? தெரிந்துகொள்ளத்தான். அவசரம் இல்லை.

நோணாங்குப்பத்தில் படகுச் சவாரியை நிறுத்திவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் ஆறு நிறைய வெறும் தண்ணீர்.

வஸ்ஸலாம்,
அத்தா


ஷார்ஜா,
14 நவம்பர் 2025

அன்புள்ள அத்தாவுக்கு, ஸலாம். நலமாக இருக்கிறீர்களா? மழையில் வெளியே போகாதீர்கள்.

கட்டிலைச் சேர்த்தது என் யோசனைதான். ஏன் கேட்டீர்கள்?

பம்பாயிலிருந்து பேசினார்கள். வீட்டில் குறை இல்லையாம், காட்டுகிற ஆளிடம்தான் குறையாம். அந்தத் தாமரைச்செல்வி வீட்டைப் பற்றி ஏதேதோ சாக்குச் சொல்லி எழுதுகிறாளாம். இந்த மாதத்தோடு அவளை அனுப்பிவிட்டுச் சென்னையிலிருந்து ஒருவரை வைக்கப்போகிறார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, அத்தா. புது ஆள் வந்தால் தை பிறப்பதற்குள் எப்படியும் நிரப்பிவிடுவார். முல்லா வீதியில் உங்கள் அறைக்குப் பக்கத்து அறையை எனக்குச் சுத்தம் செய்து வைக்கச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். இப்போதே வேண்டாம்.

அன்புடன்,
அரீபா


புதுச்சேரி,
16 நவம்பர் 2025

அன்பு மகள் அரீபாவுக்கு, அத்தா எழுதுவது. நான் சுகம். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

அந்தப் பெண் சாக்குச் சொல்லவில்லை. அவள் எழுதியது உண்மை. நீ எல்லா மாடியிலும் கட்டிலின் தலைமாட்டை வடக்கே வைத்திருக்கிறாய். வருகிறவர்களில் பெரும்பாலோர் வடக்கே தலை வைத்துப் படுக்க மாட்டார்கள் என்பது உனக்கும் தெரியும். படுக்கையறையில் அவர்கள் பேசிக்கொள்வது அதைத்தான். கட்டிலை நகர்த்த முடியாது என்றதும் போய்விடுகிறார்கள். இது எனக்குத் தெரிந்து ஒரு மாதம் ஆகிறது.

திருத்த வழி இருக்கிறது. என் அளவில் சரி. நீதான் பார்க்க வேண்டும். கட்டில் உள்ள சுவரும் எதிரே டி.வி. உள்ள சுவரும் ஒரே நீளம். இரண்டையும் இடம் மாற்றினால் தலைமாடு தெற்கே வரும். தெற்கு அவர்களுக்கு ஆகும். நமக்கும் கால் கிப்லா பக்கம் நீளாது. யாருக்கும் குறை இல்லை. அளந்து வரைந்த படம் இத்துடன் இருக்கிறது. இன்னொன்றும் யோசித்தேன். கட்டிலைச் சுவரிலிருந்து விடுவித்துவிட்டால் என்ன? ஆணி அடிக்கக் கூடாத வீட்டில், படுக்கும் பக்கத்தையாவது குடியிருப்பவர் தீர்மானித்துக்கொள்ளட்டும். இது என் சொந்த எண்ணம். அழகு கெடும் என்றால் விட்டுவிடு.

நீ பம்பாயில் சொன்னால் இரண்டாவது கட்டடம் போகலாம். சொல்லாவிட்டால் தாமரைச்செல்வி இம்மாதக் கடைசியில் போவாள். எதைச் செய் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தெரிந்ததை எழுதிவிட்டேன்.

வஸ்ஸலாம்,
அத்தா


புதுச்சேரி,
21 டிசம்பர் 2025

அன்பு மகளுக்கு, அத்தாவின் துஆ. உன் சுகம் தெரியவில்லை. கடிதம் வந்தது என்று போனில் அடையாளம் காட்டுகிறது. ஆகவே படித்திருப்பாய்.

தாமரைச்செல்வி இன்னும் வருகிறாள். ஏன் இன்னும் வருகிறாள் என்று அவளுக்கும் தெரியவில்லை. "மெயில் அனுப்ப மறந்துட்டாங்க போல ஐயா" என்று சிரிக்கிறாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தில் எங்காவது கடுமையாக எழுதிவிட்டேனா என்று நகலை எடுத்துப் பார்த்தேன். "உனக்கும் தெரியும்" என்ற இடம் கொஞ்சம் கடுமைதான். அதை மட்டும் அடித்துவிட்டுப் படி.

ஒரு வரி எழுது. நலம் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

அத்தா


ஷார்ஜா,
18 ஜனவரி 2026

அன்புள்ள அத்தாவுக்கு, உங்கள் மகளின் ஸலாம். நலம். இவ்வளவு நாள் எழுதாததற்கு வருந்துகிறேன்.

உங்கள் கடிதத்தை வந்த அன்றே படித்தேன். முதலில் உங்கள்மீது கோபம் வந்தது. ஒரு மாதம் தெரிந்துகொண்டே ரப்பரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே என்று. பிறகு என் பழைய வரைபடங்களைத் திறந்தேன். கட்டில் எப்போது வந்தது என்று தேடினேன். முதல் தாளிலேயே இருக்கிறது. ஜன்னல்கூட வைக்காத வெறும் அறையில் கட்டிலை வடக்கே தலைவைத்துப் போட்டிருக்கிறேன். யோசித்து வைத்ததில்லை. அம்மா படுக்கும் பக்கம் அது. கை அதுவாகவே போட்டிருக்கிறது. மற்றதெல்லாம் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் வந்திருக்கிறது.

அந்த வாரமே பம்பாயில் எல்லோரும் இருக்கும் காணொலிக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். "அப்படியானால் அந்தப் பெண் எழுதியது சரியா?" என்றார்கள். "சரி, தவறு என்னுடையது" என்றேன். நீங்கள் வரைந்த படத்தைக் காட்டினேன். தெற்குச் சுவருக்கு மாற்றுகிறார்கள். கட்டிலைச் சுவரோடு சேர்க்கப்போவதில்லை. தாமரைச்செல்வி இருப்பாள்.

இரண்டாவது கட்டடத்தைச் சென்னைக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அது போன வாரம்தான் முடிவாயிற்று. அது தெரிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். கட்டில் மாற்றும் வேலையை இங்கிருந்தே படம் அனுப்பிச் செய்துகொள்ளலாமாம். இனி ஊருக்கு வர எனக்குக் காரணம் எதுவும் இல்லை, அத்தா.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரீபா


புதுச்சேரி,
8 பிப்ரவரி 2026

அன்பு மகள் அரீபாவுக்கு, அத்தா எழுதுவது. நான் சுகம். உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன்.

இந்த மாடியில் கட்டில் வேலை முடிந்தது. வியாழக்கிழமை அமிர்தவல்லி அம்மாள் மறுபடி வந்தார். தச்சர்கள் நிற்கும்போதே செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, தெற்கே தலைவைத்து நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று தாமரைச்செல்வி குனிந்து பார்த்தாள். "எழுப்பாதடி, இப்பத்தான் வீடு வீடா இருக்கு" என்றார். இந்த வீட்டையே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே நான் காலி செய்ய வேண்டும். "எங்க போவீங்க பாய்?" என்று அந்த அம்மாள் கவலைப்பட்டார். எனக்கு முல்லா வீதியில் வீடு இருக்கிறது என்றதும், "அப்ப இங்க எதுக்கு ஒக்காந்திருந்தீங்க?" என்றார்.

மற்ற மாடிகளிலும் ஆட்கள் வருகிறார்கள். உன் வேலை நல்ல வேலை. இதை முதல் கடிதத்திலேயே எழுதினேன். அப்போது நீ ஏற்கவில்லை.

நேற்று முல்லா வீதிக்குத் திரும்பிவிட்டேன். நீ வருவதற்கு ஒரு காரணம் எழுத வேண்டும் என்று காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீடு ஒழுகவில்லை. நோன்பு வரப்போகிறது என்று எழுதலாம் என்று பார்த்தேன், நோன்பு ஷார்ஜாவிலும் வரும். அக்காவின் முட்டி அப்படியேதான் இருக்கிறது. ஒழுங்காகத் தேடினேன், ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

காரணம் இல்லாமல் வா.

வஸ்ஸலாம்,
அத்தா